பெரட்டுக்குப் பிறகு கொளுத்திய கற்பூரம்

என் கையெழுத்து நேராக நிற்காது, வரி போகப் போக மேலே ஏறிவிடும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தேன். சின்ன ர வரவேண்டிய இடத்தில் பெரிய ற போட்டுவிடுவேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அச்சுக்குப் போனால் தெரிந்தவர்கள் திருத்திவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

என் மனைவி குளவி கொட்டி இறந்தாள். கொழுந்து எடுக்கப் போன மலையில்தான் கொட்டியது. மலை என்று நாங்கள் சொல்வது தேயிலை நிற்கும் நிலத்தை. ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர் உண்டு. அவள் வேலையில் இருக்கும்போது இறந்தாளா, வேலைக்கு வெளியே இறந்தாளா என்று கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஒரு கேள்வி இருந்தது. கம்பெனி வெளியே என்றது. நாங்கள் வேலையில் என்றோம். கம்பெனி சொல்வது நிலைத்துவிட்டால் நஷ்டஈடு கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் எனக்கு வேறு ஒன்று பெரிதாக இருந்தது. சின்ன வயதிலேயே கூடையைத் தலையில் மாட்டியவள். காய்ச்சலோடும் போயிருக்கிறாள், வயிற்றில் பிள்ளையோடும் போயிருக்கிறாள். கடைசி நாளில் அவள் வேலையில் இல்லை என்று ஒரு இடத்தில் எழுதி முடித்துவிட்டால், அதற்கு முன்னால் அவள் போன நாட்களுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று நினைத்தேன்.

எங்கள் தோட்டம் லிந்துலைக்கு மேலே. அவள் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். நான் பேசாதவன், அவள் பேசுகிறவள். பெண் பார்க்கப் போன அன்று நான் தலையைக் குனிந்து தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து அவள், "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமான்னு கேட்டுக்குங்க" என்று யாரிடமோ சொன்னது எனக்கே கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எனக்காகவும் அவளே பேசினாள். கடையில் அவள், தோட்டத்து ஆபீசில் அவள், மகளின் பள்ளிக்கூடத்தில் அவள். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனால் டொக்டர் ஐயா என்னைப் பார்த்து எங்கே வலி என்று கேட்பார். "அவர்ட்ட கேக்காதீங்க ஐயா, அவருக்கு எங்க வலிக்குதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்பாள். உண்மையில் சரியான இடத்தைத்தான் காட்டுவாள்.

அந்த மலையின் அடியில் ஒரு வாகை மரம் நிற்கிறது. மரத்தடியில் ஒரு கல். அதில் மஞ்சளும் குங்குமமும் பூசியிருக்கும். அதுதான் அந்த மலைக்குச் சாமி. கொழுந்து எடுக்கிற கூட்டம் ஒரு சுற்று முடிந்து மறுபடி அந்த மலைக்கு வரும் முதல் நாளில், முதல் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன்னால் அந்தக் கல்லுக்குக் கற்பூரம் காட்டுவார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடி, பேர் போட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிட்ட பிறகுதான் மலைக்கே வருகிறோம். ஆகவே கற்பூரம் காட்டும் நேரம் பேர் விழுந்த பிறகு வரும் நேரம். மலைக்குப் பொறுப்பான கண்டாக்கு ஐயாவும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நிற்பார். விபூதி பூசிக்கொண்டு, "சரி, ஏறுங்க" என்பார். அதற்குப் பிறகுதான் பெண்கள் நிரையில் ஏறுவார்கள். அவருக்கு முன்னால் இருந்த ஐயாவும் அப்படித்தான் செய்தார். எனக்குத் தெரிந்து அது மாறியதில்லை.

குளவிக் கூட்டை முதலில் பார்த்தவள் அவள்தான். வாகை மரத்தின் கிளைக்கு அடியில் கறுப்பாக, சாக்கு மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்ததாம். பெரட்டில் கண்டாக்கு ஐயாவிடம் சொன்னாள். அவர் தோட்டத்து மேனேஜரான துரையிடம் சொன்னார். காட்டு ஜீவன்களைத் தோட்டம் தன் இஷ்டத்துக்குத் தொடமுடியாது, அரசாங்கத்து ஆட்கள் வரவேண்டும் என்று துரை சொன்னாராம். அரசாங்கத்து ஆட்களோ தோட்டம் கேட்டால்தான் வரமுடியும் என்றார்களாம். அந்த நேரத்தில் பிரதேச சபை அங்கத்தவர் ஒருவர் கோயில் விஷயமாக நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்திருந்தார். அவரிடமும் அவள் சொன்னாள். அவர் மலையெல்லாம் கம்பெனிக்காரன் பொறுப்பு என்றார். கம்பெனியைக் கேட்டால் நிலம் அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர்கள்தான் என்பார்கள். எங்கள் லயத்துக் கூரை ஒழுகினாலும் இதே பதில்தான், பாதை உடைந்தாலும் இதே பதில்தான். எங்களுக்குப் பழகிப்போய்விட்டது.

அன்று மாலை பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றபோது பெண்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பாருங்கடி, இந்தத் தோட்டத்துல யாரயும் கேக்காம சொந்தமா வீடு கட்டிக்கிட்டது குளவி மட்டுந்தான்" என்றாள். அப்படிச் சிரிப்பு. பத்தடி தள்ளி நின்ற எனக்கே சிரிப்பு வந்தது.

பிறகு சில நாள் மழை. கூட்டம் வேறு மலைகளில் இருந்தது. மழை விட்ட மறுநாள் அந்த மலைக்குப் பிரித்துவிட்டார்கள். போகமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. கூடு மரத்தில் இருக்கிறது என்று கண்டாக்கு ஐயாவுக்கும் தெரியும், பெண்களுக்கும் தெரியும். காலையில் குளிர் இருக்கும், வெயில் ஏறும்வரை குளவி அசையாது, அதற்குள் மரத்தடியைத் தாண்டி மேலே போய்விடலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்படி எத்தனையோ தடவை போயிருக்கிறார்கள்.

நான் அன்று அதே மலையின் மேல்பக்கம் கான் வெட்டிக்கொண்டிருந்தேன். கான் என்றால் மழைத் தண்ணீர் ஓடுவதற்கு வெட்டும் வாய்க்கால். அங்கிருந்து பார்த்தால் வாகை மரமும் அதன் அடியும் தெரியும். கூட்டம் வந்து நின்றது தெரிந்தது. அவளுடைய சிவப்புக் கம்பளிச் சட்டை தெரிந்தது. அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். கற்பூரம் மழையில் நமுத்துப்போய்ப் பற்றவில்லையாம். தேங்காய் நாரைக் கொளுத்தி, அதில் சாம்பிராணியையும் போட்டிருக்கிறாள். இதைப் பிறகுதான் பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து வீட்டில், இருக்கிற, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். எனக்கு மேலிருந்து தெரிந்தது புகை மட்டும்தான். காற்றே இல்லை. வேறு நாளாக இருந்தால் புகை பக்கவாட்டில் கலைந்து போயிருக்கும். அன்று நூல் பிடித்தது போல நேராக மேலே போனது.

அதற்குப் பிறகு நடந்ததை விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. சத்தம் கேட்டது. கூடைகள் உருண்டன. எல்லோரும் ஓடினார்கள். அவளும் ஓடினாள். தேயிலைச் செடி கிழிக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்கு கவ்வாத்து வெட்டி விட்ட ஒரு குச்சியில் மாட்டிக்கொண்டது. விழுந்துவிட்டாள். நான் வெறும் கையோடு இறங்கி ஓடினேன். என்னையும் கொட்டியது. பிறகு கொழுந்து ஏற்றும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் அவள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றாள். உதடு வீங்கியிருந்ததால் எனக்கு விளங்கவில்லை. என்னவென்று திரும்பக் கேட்டேன். அவள் கையை மட்டும் அசைத்தாள், அப்புறம் சொல்கிறேன் என்பது போல. ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன பிறகு என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

அன்று மத்தியானத்துக்குப் பிறகு அவளுடைய கூடையை எடுக்கத் தனியாக மலைக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. வீட்டில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், அவர்களோடு என்ன பேசுவதென்று தெரியாமல் போயிருப்பேன். கல்லுக்குப் பக்கத்தில் கண்டாக்கு ஐயாவின் சப்பாத்து ஒரு சோடி இருந்தது. அவரும் வெறுங்காலோடு ஓடியிருக்கிறார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து அவருடைய குவார்ட்டர்ஸ் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

சாவு வீட்டில் கூட்டத்துப் பெண்கள் வீங்கிய முகங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்குக் கண் திறக்கமுடியவில்லை. மகள் கொழும்பிலிருந்து வந்தாள். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. காரியம் முடிந்து அவள் திரும்பிப் போன பிறகு பக்கத்துக் காம்பராத் தங்கச்சி தினமும் ஒரு தட்டில் ரொட்டியும் கறியும் அனுப்பினாள். நான் கடைக்குப் போய் "ஒரு ராத்தல் பாண்" என்று வாயால் கேட்கப் பழகினேன். முதல் தடவை கேட்டபோது கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருஷத்தில் என் குரலை அவர் கேட்டதில்லை.

தோட்டத் தலைவர், அதாவது எங்கள் தோட்டத்தில் தொழிற்சங்கத்துக்குப் பொறுப்பானவர், ஒருநாள் வந்தார். தங்கச்சியும் கூட வந்தாள். வாசலில் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். கம்பெனி சொல்வது இதுதான் என்று தலைவர் விளக்கினார். கூடு இருப்பது தெரிந்தும் அவளாகவே அடியில் நெருப்பு வைத்திருக்கிறாள். கொழுந்து கிள்ளத் தொடங்கவில்லை, வேலை தொடங்கவில்லை. அது சாமி காரியம், சொந்தக் காரியம். தோட்டத்துக்குப் பொறுப்பில்லை. கண்டாக்கு ஐயாவும் தான் அப்போது வந்து சேரவில்லை என்று சொல்லப்போகிறார். தொழில் காரியாலயத்தில் விசாரணை வைப்பார்கள்.

"நாங்க எல்லாம் ஒரே மாதிரி பேசி வச்சிருக்கோம்" என்றார் தலைவர். "கற்பூரம்ங்கிற சொல்லே வரப்படாது. வந்தோம், நிரையில ஏறுனோம், குளவி வந்திச்சு. அவ்வளவுதான்."

தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணே, அக்காவுக்காகத்தான். நீங்க எப்பயும் போல சும்மா இருந்தாப் போதும்" என்றாள்.

தலையை ஆட்டினேன். சும்மா இருப்பது எனக்குக் கஷ்டமான காரியமே இல்லை.

விசாரணை டவுனில் நடந்தது. மேல்மாடியில் ஒரு அறை. நீள மேசைக்கு ஒரு பக்கம் துரைக்கு அடுத்தவரான சின்னத்துரை, கண்டாக்கு ஐயா, கம்பெனிக்காக வந்த ஒருவர். இந்தப் பக்கம் தலைவர், தங்கச்சியும் சேர்த்துக் கூட்டத்துப் பெண்கள் நால்வர், நான். நடுவில் தொழில் அதிகாரி அம்மா. சிங்களவர், வயது குறைவு. மொழிபெயர்க்க ஒரு ஐயா இருந்தார். ஆனாலும் அந்த அம்மா இடையிடையே தமிழில் பேசப் பார்த்தார். பெண்கள் உட்காரத் தயங்கி நின்றபோது "இருங்க, இருங்க" என்று கதிரையைக் காட்டினார். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கம்பெனி பக்கத்தார் முதலில் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் என் மனைவி என்று ஒருத்தி வந்தாள். விளையாட்டாக நெருப்பு வைக்கிறவள், சொல்வதைக் கேட்காதவள், தன் சாவைத் தானே தேடிக்கொண்டவள். கண்டாக்கு ஐயா மேசையைப் பார்த்துக்கொண்டே தான் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது என்றார். பிறகு எங்கள் பெண்கள் சொன்னார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்தி ஒரே சொற்களில் சொன்னார்கள். பெரட்டிலிருந்து நேரே வந்தோம், கூடையை மாட்டினோம், நிரையில் ஏறினோம், கொழுந்தில் கை வைத்தோம், குளவி வந்தது. அவர்கள் சொன்னதிலும் என் மனைவி என்று ஒருத்தி வந்தாள். வந்தாள், கொழுந்தில் கை வைத்தாள், செத்தாள்.

அவளை எனக்குத் தெரியவில்லை. என் மனைவி சாமி கும்பிடாமல் ஒரு தடவைகூடக் கொழுந்தில் கை வைத்தவள் இல்லை. வீட்டில் அடுப்பு மூட்டும்போதும் கும்பிடுவாள். அவளுக்கு நல்லது செய்யப்போய் அவள் செய்யாத ஒன்றைச் செய்தாள் என்று எழுதுகிறார்களே என்று இருந்தது. இந்தப் பக்கம் பொய்யான ஒருத்தி, அந்தப் பக்கம் பொய்யான ஒருத்தி. இரண்டு பேருக்கும் நடுவில் அவளைக் காணவில்லை.

அந்த அம்மா என்னிடம் பேர், வயது, என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "வேற ஏதாவது சொல்ல இருக்கா, ஐயா?" என்று தமிழிலேயே கேட்டார். தலைவரின் முழங்கை என் மேல் பட்டது.

"கற்பூரம் காட்டுனாங்க" என்றேன். "அவதான் காட்டுனா."

 தங்கச்சி மூச்சை இழுத்தது கேட்டது. நான் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை, மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துப் பேசினேன்.  மேலே கான் வெட்டிக்கொண்டிருந்தேன், புகையைப் பார்த்தேன் என்றேன். "பெரட்டுல பேர் போட்டப் பொறகுதாங்க வந்தாங்க. சாமி கும்பிடுறது சொந்த வேலை இல்லீங்க. கும்பிட்டாத்தான் அந்த மலையில வேலையே தொடங்கும். ஐயா சொன்னாத்தான் ஏறுவாங்க. ஐயாவும் நிப்பாரு" என்றேன். கூட்டைப் பற்றி அவள் முன்னமே சொல்லியிருந்ததையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே போனதில், யோசிக்காமல், ஐயாவின் சப்பாத்து கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது, மழையில் நனையாமல் இருக்க எடுத்து வந்து வைத்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அவரை மாட்டிவிடுவதற்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் அதுவும் வரத்தானே செய்யும்.

மொழிபெயர்க்கும் ஐயா அதையெல்லாம் சிங்களத்தில் சொன்னார். நான் சொன்ன நேரத்தைவிட மிகக் குறைவான நேரமே எடுத்தது. எது போனது, எது விடுபட்டது என்று எனக்குத் தெரியாது. ஒரு இடத்தில் சின்னத்துரை கண்டாக்கு ஐயாவின் பக்கம் திரும்பினார்.  கண்டாக்கு ஐயா சிங்களத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார். தான் அங்கே நின்றதாகச் சொல்கிறார் என்று தலைவர் என் காதில் சொன்னார். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை.

அதிகாரி அம்மா பெண்களை மறுபடி கூப்பிட்டார். கற்பூரம் காட்டினீர்களா என்று கேட்டார். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு ஆமா என்றாள். அப்படியானால் முதலில் ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் தங்கச்சியின் காது சிவந்துவிட்டது. கம்பெனிக்காரர்களுக்கு முன்னால் நால்வரும் பொய் சொன்னவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய முகத்தில் அப்போதும் குளவி கொட்டிய தழும்புகள் இருந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. தலைவர் முன்னால் போய் நின்றுகொண்டார். தலவாக்கலையில் யாரோ ஒரு சிங்களப் பாட்டி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். லயத்தில் இறங்கிய பிறகு தலைவர் மட்டும், "பேசாத மனுசன் பேசுனா இப்பிடித்தான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை ரொட்டித் தட்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு முடிவு வந்தது. வேலையின்போது நடந்த சாவு என்று ஏற்றுக்கொண்டார்கள். தலைவர் வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே வாங்க என்றேன். வேலை இருக்கிறது என்றார். எதனால் அப்படி முடிவானது, நான் சொன்னதாலா, கண்டாக்கு ஐயா ஒத்துக்கொண்டதாலா, அந்த அம்மா தானாகவே விளங்கிக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. மகளுக்கு போன் பண்ணினேன். கடையில் ஆட்கள் நிற்கிறார்கள், பிறகு எடுக்கிறேன் என்றாள். "அம்மா வேலயிலதான் செத்தான்னு எழுதிட்டாங்க" என்று அவசரமாகச் சொன்னேன்.  "அது நமக்குத் தெரியுந்தானப்பா" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னதும் சரிதான். ஆனால் அன்று முழுவதும் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் காம்பராவுக்குள் நடந்தேன். சொல்வதற்கு ஆள் ஒருத்திதான் இருந்தாள். அவளைப் பற்றிய செய்தியே அது.

அடுத்த வாரம் பெரட்டில் துரையின் உத்தரவு ஒன்றைச் சொன்னார்கள். இனிமேல் எந்த மலையிலும் யாரும் நெருப்பு வைக்கக்கூடாது, கற்பூரமும் கொளுத்தக்கூடாது, கொளுத்தினால் பேர் வெட்டப்படும். பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள். கூடுகளை எடுப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. வாகை மரத்துக் கூடு அந்த நாள் கலைந்துபோயிருந்தது. ஆனால் வேறு மலைகளில், வேறு மரங்களில் இருந்தவை அப்படியே இருந்தன. சாமியை நிறுத்துவது சுலபம், அதற்கு ஏணியும் ஆளும் வேண்டாம்.

பெண்கள் அந்தப் பழியை என்மேல் போட்டார்கள். ஒருநாள் பீலியில் தங்கச்சி தனியாக நின்றிருந்தாள். நான் வாளியோடு போனதும் நகர்ந்துவிடப் பார்த்தாள், பிறகு நின்றாள்.

"கல்லுல விபூதி காஞ்சு போய்க் கெடக்கு. தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்றேன்.

"நாங்க பொய் சொன்னது எங்களுக்காகவா அண்ணே? அக்கா எங்க எடத்துல இருந்திருந்தா எங்கள விட்டுக் குடுத்திருக்க மாட்டா. கூசாம பொய் சொல்லியிருப்பா."

எனக்கும் அது தெரியும். அவள் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சிரித்திருப்பாள். என்னிடம், நீங்க வாயத் தொறந்துடாதீங்க சாமி, என்றும் சொல்லியிருப்பாள். தங்கச்சி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் யோசிப்பதற்கு நேரம் நிறைய. ஒரு ஆளுக்குச் சமைக்க அதிக நேரம் ஆவதில்லை. கம்பெனிக்கு எங்கள் உழைப்பு வேண்டும். ஆகவே நாங்கள் நிற்கும் இடத்தில் எங்களுக்கு ஆபத்து வராமல் பார்ப்பது அவர்கள் கடமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரசாங்கம் எங்களிடம் ஓட்டுக் கேட்டு வருகிறது. ஆகவே இது உன் இடமா என் இடமா என்று எங்களை நடுவில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. இதெல்லாம் சுலபமாக எழுதமுடிகிறது. எங்கள் கடமை என்ன என்று கேட்டால்தான் எனக்கு எழுத வரவில்லை. கூடு இருக்கிறது என்று தெரிந்தும் போனோம். தெரிந்தும் புகை போட்டோம். போகமாட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் பேர் இல்லை என்பது உண்மை. ஆனால் எல்லோரும் சேர்ந்து கூடையைக் கீழே வைத்திருந்தால் எல்லோருக்கும் பேர் இல்லாமல் செய்திருப்பார்களா? அவள் கூட்டைப் பற்றிச் சொன்னாள். ஒரு ஆள் சொன்னாள். நான் பத்தடி தள்ளி நின்று சிரித்தேன். அதைக் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. அவள் பேசுவாள், நான் கேட்பேன், எங்கள் வீட்டில் அப்படித்தான். ஆனால் அவள் போன பிறகு அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை.

கண்டாக்கு ஐயாவைக் கீழ்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். போகும் அன்று மோட்டார் சைக்கிளை என் பக்கத்தில் நிறுத்தினார். "வாறேன்" என்று மட்டும் சொன்னார். நானும் "வாங்க ஐயா" என்றேன். எங்களுக்குள் கோபம் இல்லை என்று நினைக்கிறேன். கோபமாவது இருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருப்போம்.

இப்போது நான் கான் வெட்டும் வேலையில் எல்லா மலைகளுக்கும் போகிறேன். போகிற வழியில் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவேன். கூட்டைக் கண்டால் அடுத்த நாள் பெரட்டில் சொல்வேன்.  முதல் தடவை எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததால் என் குரல் எடுபடவில்லை, மறுபடி சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது. புதிதாக வந்திருக்கும் கண்டாக்கு ஐயா இளவயதுக்காரர். "தெரியும், தெரியும்" என்பார். நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் என் பக்கம் பார்ப்பதில்லை. பெரட்டுக் களத்தில் நான் நிற்கும் இடத்தைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும்.

பொங்கலுக்குச் சில நாள் முன்னால், பள்ளத்து மலையில் சவுக்கு மரத்தில் ஒரு கூடு இருக்கிறது என்று சொன்னேன். பெண்களுக்கு அன்று அந்த மலைதான். புதிய ஐயா வழக்கம்போல, தெரியும், தெரியும் என்றார். "தெரிஞ்சா எடுக்கணுங்க ஐயா" என்றேன். அது எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர் என்னை முறைத்தார், எல்லோரையும் போகச் சொன்னார்.

யாரும் போகவில்லை. தங்கச்சி தலையிலிருந்து கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பக்கத்தில் நின்றவள் வைத்தாள். பிறகு எல்லோருமே வைத்துவிட்டு, படங்கை மடித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி வெற்றிலையை எடுத்தாள். ஐயா கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார், போனை எடுத்தார், தள்ளிப் போய்த் துரையிடம் பேசினார். நீண்ட நேரம் பேசினார். கடைசியில் பெண்களை வேறு மலைக்கு மாற்றிவிட்டார். கூட்டை எடுக்க ஆள் வரும் என்றார். வந்தார்களா என்று இனிமேல்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

அவர்கள் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் நான் இந்தப் பக்கம் தனியாக நின்றேன். அவர்களோடு போய் உட்காரலாமா என்று யோசித்தேன். யாரும் கூப்பிடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கூடைகளை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனார்கள். தங்கச்சியும் தாண்டிப் போனாள். அவர்கள் வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என் வேலைக்குப் போனேன்.

இன்று லீவு. லயத்தில் எல்லா வீட்டிலும் ஆட்கள் வந்திருக்கிறார்கள், பாட்டுச் சத்தம் கேட்கிறது. மகளுக்கு வரமுடியவில்லை. காலையிலிருந்து உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன்.

மாட்டுப் பொங்கல், செவ்வாய்க்கிழமை, 2024 ஜனவரி 16.